மாற்றியவர்: ரசீத்

இதைக் கட்டுக்கதை என்கிறவர்கள் மேலப்பாளையத்துக்கு வந்து இஷ்ரத்தின் செல்போனை வாங்கிப் பாருங்கள். நாள், மணி எல்லாம் அழியாமல் அப்படியே கிடக்கிறது.

அவள் புருஷன் ரசீத்துக்குச் சவூதியில், தம்மாமில் கட்டட வரைபடம் போடுகிற வேலை. ஊரில் கட்டப்போகும் சொந்த வீட்டுக்கும் அவனே படம் போட்டு, இரண்டு பேரும் அவரவர் லேப்டாப்பில் திறந்து மாற்றும்படி இணையத்தில் வைத்திருந்தான். இங்கே இவள் ஒரு சுவரை நகர்த்துவாள். தெரியாமல் அங்கே அவன் அதை அழிப்பான். போனில் ஒரே சண்டை. அதற்காகவே ஒரு மென்பொருள் போட்டுவிட்டான். கண்ணுக்குத் தெரியாமல் லேப்டாப்பின் பின்னணியில் ஓடிக்கொண்டே இருக்கும். வீட்டுப் படத்தில் யார் கைவைத்தாலும் பேரும் மணியும் செல்போனுக்கு வந்துவிடும். அப்படி ஒரு கறாரான காவல்காரன்!

இன்னும் இருபது நாளில் ரசீத் ஒரேயடியாக ஊருக்கு வருவதாக இருந்தது.

திங்கட்கிழமை மாலை 5.40. டிங்.

'மாற்றியவர்: ரசீத்.'

திறந்து பார்த்தாள். அவன் தனக்கென்று ஆசையாக வரைந்து வைத்திருந்த எழுதுமேஜையைக் காணோம்.

கூப்பிட்டாள். போன் அணைந்திருந்தது. வாட்ஸப்பில் கேட்டாள். ஒற்றை டிக்.

"வேல சோலியா இருக்கும்ளா, பொறு," என்றாள் அவளைப் பெற்ற ஆசியா உம்மாள்.

செவ்வாய் காலை 11.05. டிங். படுக்கையறையில் இரட்டைக் கட்டிலைக் காணோம். ஒற்றைக் கட்டில் இருந்தது.

வர மனசில்லையோ? அங்கே வேறு யாராவது...? இஷ்ரத் இரட்டைக் கட்டிலைத் திரும்பப் போட்டாள். 11.09.

11.10. டிங். ஒற்றைக் கட்டில்.

மறுபடி போட்டாள்.

டிங்.

"மச்சான், என்ன வெளையாட்டு இது? நீங்க இல்லாத வீடு எனக்கு எதுக்கு?" அழுதபடியே குரலைப் பதிந்து அனுப்பினாள்.

ஒற்றை டிக்...

புதன் மாலை 4.10. டிங்.

அவள் அறைக்கும் உம்மா அறைக்கும் நடுச்சுவரில் புதிதாக ஒரு கதவு.

தனியாகப் படுக்க அவளுக்குப் பயம். அது ரசீத்துக்கு நன்றாகத் தெரியும்.

ஆறரைக்கு, அவனோடு தங்கியிருந்த பத்தமடை அலி அஸ்கர் கூப்பிட்டான்.

"தங்கச்சி... உம்மாகிட்ட போனக் குடு."

"எங்கிட்டயே சொல்லுங்கண்ணே."

"ரசீத் மவுத்தாயிட்டாம்மா. வண்டி கவுந்துட்டு. ஆசுபத்திரியில இருந்து இப்பதான் சொல்லுதாங்க."

இஷ்ரத் போட்ட சத்தத்தில் தெருவே கூடிவிட்டது. 'சாகுற அன்னைக்கும் எனக்காகக் கதவு வச்சிருக்காரே' என்று சொல்லிச் சொல்லி அழுதாள்.

புருஷனை இழந்தவள் வீட்டோடு இத்தா இருக்க வேண்டும். அவன் இறந்த நாளிலிருந்து நாலு மாதம் பத்து நாள். என்றைக்கிலிருந்து எண்ணுவது என்று பள்ளிவாசல் ஹஜ்ரத் கேட்டனுப்பினார். புதன் என்றாள் இஷ்ரத். எதற்கும் இருக்கட்டும் என்று அலி அஸ்கரிடம் இறப்புச் சான்றிதழைக் கேட்டு வாங்கினார்கள்.

அதில் திங்கட்கிழமை என்று இருந்தது. நம் மணிக்கு மாலை 5.05. அடையாள அட்டை கையில் இல்லாததால் இரண்டு நாள் யாரென்றே தெரியாமல் கிடந்திருக்கிறான்.

அவள் அலி அஸ்கரைக் கூப்பிட்டாள். "அண்ணே... அவங்க லேப்டாப் யாருட்ட இருந்துச்சு?"

"அவங்கூடத்தாம்மா இருந்துச்சு. வண்டிக்கடியில சிக்கி அப்பளமா நொறுங்கிட்டு."

போன் கை நழுவி விழுந்தது. ஆசியா உம்மாள் ஓடிவந்து மகளைத் தாங்கிக்கொண்டாள்.

"உம்மா, போனதுக்கப்புறம் வந்து, தன் சாமானையெல்லாம் ஒவ்வொண்ணா எடுத்துட்டுப் போயிருக்காங்க உம்மா. நான்தான் வெவரம் கெட்டவ... திருப்பித் திருப்பிப் போட்டுக்கிட்டு இருந்தேன்."