காம்பராச் சுவரில் நாலு வட்டம்

இன்று காலை மாத்தளையில் தம்பி வீட்டில், அவன் பேரன் படுக்கும் கட்டிலை நகர்த்தினோம்.

தலையணைக்கு நேரே, சுவரில் கருப்பாக ஒரு வட்டம். பூஞ்சணம்!

"மொதல்ல ஜன்னலத் தொறடா!" என்று கத்திவிட்டேன்.

"தூசி வரும்க்கா. பெயிண்ட் அடிச்சா சரியாப் போயிரும்" என்று சிரித்தான். (இவன் சின்ன வயதிலிருந்தே சொல் பேச்சுக் கேட்டதில்லை!)

அவனிடம் இத்தனை வருடம் சொல்லாததை இங்கே சொல்கிறேன்.

எழுபதுகளின் தொடக்கம். இரத்தோட்டைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம். தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் எங்களுக்கு ஒரு காம்பரா, அதாவது ஒற்றை அறை, கிடைத்தது. அதிலிருந்த குடும்பம் இந்தியாவுக்குப் போய்விட்டது. புருஷன், பெண்சாதி, ஒரு மகள். மூன்று பேரும் பெட்டியோடு பஸ் ஏறியதை நானே பார்த்தேன்.

அடுப்போரச் சுவரில் கருப்பாக நாலு வட்டம் இருந்தது.

அப்பா சுண்ணாம்பு அடித்தார். பத்தே நாளில் அதே இடத்தில் அதே நாலும் வந்தன. மறுபடி அடித்தார். மறுபடியும் வந்தன!

ஒருநாள் சாயந்திரம் அடுப்பில் குளிர் காய்ந்துகொண்டு அப்பா, அம்மா, நான், தம்பி நாலு பேரும் சுவரில் சாய்ந்திருந்தோம். தேத்தண்ணி ஊற்ற எழும்பிய அம்மா, திரும்பிப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்.

ஒவ்வொரு வட்டமும் ஒரு தலைக்கு நேராக இருந்தது.

நாலாவது மட்டும் சின்னது, தாழ்வாக இருந்தது. தம்பியின் தலைக்கு அளந்து வைத்த மாதிரி. அவனுக்கு அப்போது மூன்று வயது. அந்த வீட்டுக்குக் குடிவந்த நாளிலிருந்து இளைப்பு, இருமல்.

அம்மா பக்கத்துக் காம்பரா ராசம்மா அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"அது முன்னாடி இருந்தவங்க தலையில வச்ச எண்ணெய்க் கறை. சாஞ்சு சாஞ்சு ஊறிப் போச்சு. அதுல சுண்ணாம்பு ஒட்டாது, பூஞ்சணந்தான் புடிக்கும்."

"அவங்க மூணு பேருதானேக்கா?" என்றார் அம்மா.

ராசம்மா அக்கா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"சின்னவன் ஒருத்தன் இருந்தான். இந்த மூலையிலதான் குந்தியிருப்பான். இளைப்புலயே போயிட்டான். குளிர் படக்கூடாதுன்னு பாவம், ஜன்னலுக்கு ஆணி அடிச்சு, சாக்கெல்லாம் திணிச்சு வச்சாங்க..."

அம்மா மெல்ல ஜன்னலைப் பார்த்தார்.

அதே ஆணி. அதே சாக்கு. அதற்கு மேலே, தம்பிக்குக் குளிருமே என்று அம்மா தன் கையால் திணித்த இன்னொரு சாக்கு.



அம்மா தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியை எடுத்து ஆணியை நெம்பினார்.

"புள்ளைக்குக் குளிரும் புள்ள!" என்றார் அப்பா.

"குளிருக்குக் கம்பளி போத்தலாம். இதுக்கு என்னாத்தப் போத்துறது?"

சாக்கை இழுத்தபோது உள்பக்கம் முழுக்கப் பச்சைப் பூஞ்சணம். அடுப்பு ஆவியெல்லாம் அதில்தான் போய் இறங்கியிருந்தது.

மறுநாள் கொதிக்கக் கொதிக்கச் சாம்பல் தண்ணீர், தேங்காய்ப் பொச்சு நார். எண்ணெய் போகும்வரை அம்மா தேய்த்தார். தணல் வைத்துச் சுவரைக் காயவிட்டு, பிறகுதான் சுண்ணாம்பு அடித்தோம்.

சின்ன வட்டத்தை மட்டும் கடைசியாகத் தேய்த்தார். தேய்க்கும்போது சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது.

"போயிரு சாமி. எம் புள்ளைய விட்டுரு."

தம்பியின் இளைப்பு மெல்ல மெல்லக் குறைந்தது. அந்த வட்டம் திரும்பி வரவே இல்லை.

இன்று காலைவரை.

தம்பி, சாயந்திரம் நீ இதைப் படிப்பாய். உன் பேரன் இருமுவது என் அறைவரை கேட்கிறது.

ஜன்னலைத் திறந்துவிட்டாயா?