மிதித்தது மெஷின்

போன மாதம், விருதுநகரில் ஒரு பிசியோதெரபி அறை. எங்கள் தெரு மாரீஸ்வரியின் தொடைகளில் ஒயர் கோத்த பட்டைகளை ஒட்டப்போனார்கள். அதற்குமுன் அவள் கட்டில் கம்பியை ஒருதரம் தொட்டுக்கொண்டாள்.

பழக்கம்! தாயில்பட்டிப் பக்கம் பட்டாசு ஆலையில் வேலை. வெடிமருந்து அறைக்குள் போகுமுன் வாசலில் இருக்கும் செம்புத் தகட்டைத் தொட்டு, உடம்பில் உள்ள கொஞ்சநஞ்ச கரண்டையும் இறக்கிவிட்டுத்தான் நுழைய வேண்டும். ஒரு பொறி போதாதா?

போதும். அந்த அறை வெடித்துச் சுவர் சரிந்ததில்தான் அவள் முதுகுத்தண்டு போனது. இடுப்புக்குக் கீழே உணர்வில்லை.

சுவிட்ச் போட்டதும்... அந்தக் கால்கள் சைக்கிள் பெடலை மிதித்தன! போனில் படம் பிடித்தேன். மிதிப்பது மெஷின்தான், தசை வற்றாமல் இருக்கத்தான் இது, நடை திரும்பும் என்று அர்த்தமில்லை — தெரபிஸ்ட் சொல்லிக்கொண்டேதான் இருந்தார். நெகிழ்ந்துபோனவனுக்குக் காது ஏது?

'உறங்கிய கால்களில் மின்னல் பூத்தது' என்று எழுதி வீடியோவைப் பகிர்ந்தேன். அவளிடம் கேட்டேனா? இல்லை. இதயங்கள் குவிந்தன. உங்களில் எத்தனை பேர் போட்டீர்கள்!

நாலு பேர் இருக்க வேண்டிய அந்த மருந்து அறையில் ஒன்பது பேரை உட்காரவைத்தவர் ஆலை ஃபோர்மேன். மாரீஸ்வரி போட்டிருக்கும் நஷ்டஈட்டு கேஸில் அதைக் கோர்ட்டில் சொல்ல, அவளோடு ஒரே வேனில் வேலைக்குப் போய்வந்த இரண்டு பெண்கள் சம்மதித்திருந்தார்கள். என் வீடியோவை அதே வேனில் ஏறி எல்லோருக்கும் காட்டினாராம் ஃபோர்மேன். "அதான் நடக்கப்போறாள்ல... இன்னும் எதுக்குத்தா வம்பு?"

தீபாவளி சீசன் நேரம் வேறு, வேலை போனால் கூலி போச்சு. இருவரும் பின்வாங்கிவிட்டார்கள்.

நேற்று அதே தெரபி அறைக்குப் பார்க்கப் போனேன்; மெஷின் கால்களை மிதிக்கவைத்துக்கொண்டிருந்தது. மாரீஸ்வரி கோபப்படவில்லை. அதுதான் சுட்டது.

"அம்புட்டு நல்லா எழுதிருந்தீகண்ணே. கேஸுதான் புஸ்ஸுன்னு போயிருச்சு."

தெரபிஸ்டைக் கூப்பிட்டு மெஷினை நிறுத்தச் சொன்னாள். பெடல் நின்றது. யாரோ கழற்றிப் போட்டதுபோல் கால்கள் அதன்மேல் கிடந்தன.

"இப்ப எடுங்க. கீழ ஒண்ணும் எழுதாதீக."

எடுத்தேன். எழுதாமல் அந்த இரண்டு பெண்களுக்கும் அனுப்பினேன். பார்த்துவிட்டதாக நீல டிக் மட்டும்தான் காட்டுகிறது.

எழுத உட்காருமுன் தொட்டுக்கொள்ள, என் மேசையிலும் ஒரு செம்புத் தகடு இருந்திருக்க வேண்டும்.