ஒரே பஸ், இரண்டு மாநாடு

எங்கள் கட்சிக்குத் தலைமை நிலையம் சென்னையில். கர்நாடகத்துக்கென்று ஒரு மாநிலக் கிளை, அதன் அலுவலகம் பெங்களூரில். மாநிலத்துக்கு ஓர் அவைத்தலைவர், ஒரு செயலாளர், இருவருக்கும் கீழே செயற்குழு, அதற்கும் கீழே எங்களைப் போன்ற நகரக் கிளைகள். சொல்லும்போது ஒழுங்காகத்தான் இருக்கும். கோலார் தங்கவயலில் இருக்கிற எங்களுக்குப் பெங்களூர் வரைக்கும்தான் கண்ணுக்குத் தெரியும். சென்னையில் என்ன முடிவானது என்பதைப் பேப்பரில் படித்துத்தான் தெரிந்துகொள்வோம்.

எங்கள் நகரக் கிளைக்கு ஆண்டர்சன்பேட்டை பஜாரில், ஒரு தையல் கடையின் மாடியில் ஓர் அறை உண்டு. நான் ஊரிகம் ஸ்டேஷனில் காலை ரயிலைப் பிடித்துப் பெங்களூரில் வேலைக்குப் போய்வருகிறவன். கிளையில் துணைச் செயலாளர். பொருளாளராக இருந்தவர் என் மனைவியின் அண்ணன். இயந்திரத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். என்னைக் கட்சியில் சேர்த்துவிட்டதே அவர்தான். எங்கள் நகரச் செயலாளர் மகனோடு இருக்க ஓசூருக்குக் குடிபோனதும் அந்தப் பதவி காலியானது.

அந்த நேரம் பார்த்துப் பெங்களூரில் மாநில அவைத்தலைவருக்கும் மாநிலச் செயலாளருக்கும் முட்டிக்கொண்டது. ஊர்களுக்கு நிர்வாகிகளை நியமிப்பது யார் என்பதுதான் சண்டை. அவைத்தலைவரின் ஒப்புதலோடு செயலாளர் நியமிக்க வேண்டும் என்பது கட்சி விதி. ஒப்புதல்தான் பெரிது என்றார் ஒருவர், நியமனம்தான் பெரிது என்றார் மற்றவர். கடைசியில் இருவரும் தனித்தனியாக ஆள் போட ஆரம்பித்துவிட்டார்கள்.

எனக்குச் செய்தி ரயிலில் வந்தது. மாநிலச் செயலாளரே போன் செய்து, "இன்னையிலேர்ந்து நீங்கதான் நகரச் செயலாளர் தம்பி, நல்லா வேலை செய்யுங்க" என்றார். பெட்டியில் இருந்தவர்கள் கை தட்டினார்கள். பங்காரப்பேட்டையில் யாரோ இறங்கி எல்லாருக்கும் வடை வாங்கி வந்தார்கள். சாயங்காலம் ஊர் திரும்பியதும் மைசூர் பாகு ஒரு டப்பா வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

சாப்பாட்டு மேஜையில் அதே கடை டப்பா ஒன்று ஏற்கெனவே இருந்தது.

"அண்ணன் குடுத்துட்டுப் போச்சு. அத நகரச் செயலாளராப் போட்டுட்டாங்களாம். அவைத்தலைவரே போன் பண்ணாராம்" என்றாள் மனைவி. பிறகு என் கையில் இருந்த டப்பாவைப் பார்த்தாள். "இது இன்னாத்துக்கு?"

சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. இரண்டு டப்பாவையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அதன்பிறகு கொஞ்ச காலம் நானும் மச்சானும் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆபீஸைத் திறந்து அவர் நாற்காலியில் உட்காருவார், நான் எதிரே பெஞ்சில் உட்காருவேன். "டீ சொல்லட்டா?" என்பார். "சொல்லுங்க" என்பேன். அதோடு சரி. எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. விட்டுக்கொடுத்துவிடலாம் என்று தோன்றும். ஆனால் மறுநாள் ரயிலில் ஏறினால், "செயலாளர் வந்தாச்சு, எடம் குடுங்க" என்று ஜன்னலோரம் நகர்ந்து உட்காருவார்கள். அந்த மரியாதையை விடவும் மனம் வரவில்லை.

அப்போதுதான் மாநில மாநாடு வந்தது. அதாவது இரண்டு மாநாடு, ஒரே ஞாயிற்றுக்கிழமையில். செயலாளர் அல்சூரில் ஒரு கல்யாண மண்டபம் பிடித்திருந்தார். அவைத்தலைவர் ஸ்ரீராமபுரத்தில் இன்னொரு மண்டபம். தங்கவயலில் இருந்து ஒரு பஸ் ஆள் வந்தாக வேண்டும் என்று இரண்டு பேரும் உத்தரவு போட்டார்கள். எங்கள் கிளையில் கூப்பிட்டால் வருகிற ஆட்கள் எல்லாரையும் சேர்த்தாலே ஒரு பஸ்தான் நிறையும்.

அந்த வாரம் நானே மச்சான் வீட்டுக்குப் போனேன். அவர் வாசலில் ஸ்கூட்டரைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"மச்சான், நீங்க எத்தினி பேரைக் கூப்பிட்டீங்க?"

"எல்லாரையும் கூப்பிட்டேன். எல்லாரும் உனக்கு வரேன்னு சொல்லிட்டாங்களாமே?"

"எங்கிட்ட உங்களுக்கு வரேன்னு சொன்னாங்க."

அவர் துணியைப் பிழிந்து ஸ்கூட்டர் மேல் போட்டார். "உன் மாநாடு எப்ப மாப்ளே?"

"காலையில."

"என்னுது மத்தியானம் சாப்பாட்டுக்கு அப்புறம்." அவர் முகத்தில் மெல்லச் சிரிப்பு வந்தது. "அப்புறம் எதுக்கு ரெண்டு பஸ்ஸு?"

இப்படித்தான் ஒரே பஸ்ஸில் கிளம்பினோம். வழியில் யாரும் கோஷ்டி பேசவில்லை, பழைய பாட்டுப் பாடிக்கொண்டு வந்தார்கள். அல்சூர் மண்டபத்தில் நான் எல்லாரையும் முன்னால் அழைத்துப் போனேன், மச்சான் கூட்டத்தோடு கூட்டமாகப் பின்னால் வந்தார். "தங்கவயல் தோழர்கள் எழுச்சியோடு வந்திருக்கிறார்கள்" என்று மேடையில் அறிவித்தார்கள். சாப்பாடு முடிந்ததும் பஸ் ஏறினோம். டிரைவர் கன்னடக்காரர். "இன்னொந்து மீட்டிங்கா சார்?" என்று கேட்டுவிட்டுத் தலையை ஆட்டிக்கொண்டே வண்டியை எடுத்தார். செயலாளர் படம் போட்ட பேட்ஜைக் கழற்றி, அவைத்தலைவர் படம் போட்ட பேட்ஜைக் குத்திக்கொண்டோம். ஸ்ரீராமபுரத்தில் மச்சான் முன்னால் நடந்தார், நான் பின்னால். அங்கேயும் அதே எழுச்சி என்று அறிவித்தார்கள்.

இதில் ஒரே ஒரு பிசகு. எங்கள் ஊர்ச் சாம்பியன் ரீப்ஸ் பகுதியில் இருந்து வந்த மகளிரணி அம்மா ஒருவர், கிளிப்பச்சைப் பட்டுப்புடவையில், எங்கே போனாலும் முதல் வரிசையில்தான் உட்காருவேன் என்று அடம்பிடிப்பவர். "பின்னால குந்தினு பாக்க நான் எதுக்கு பெங்களூர் வரணும்?" என்பார். இரண்டு மண்டபத்திலும் முதல் வரிசையின் நடுவில் அவர்தான். இரண்டு மாநாட்டுப் படமும் போனில் ஊர் ஊராகச் சுற்றிச் சென்னைக்கும் போய்ச் சேர்ந்துவிட்டன.

சில வாரம் கழித்துத் தலைமை நிலையத்தில் இருந்து மேலிடப் பார்வையாளர் வந்தார். வேட்டி மடிப்புக் கலையாத, குரல் உயர்த்தாத பெரியவர். எங்கள் மாடி அறையில் உட்கார்ந்து இரண்டு படங்களையும் மேஜைமேல் வைத்தார்.

"இதுல எது தங்கவயல்?" என்றார்.

"ரெண்டும்தாங்க" என்றார் மச்சான்.

"பச்சைப் புடவை அம்மா எந்தப் பக்கம்?"

அந்த அம்மாவே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். "நான் கட்சிப் பக்கம்ங்க. நீங்க அங்கே ரெண்டாப் பிச்சிக்கினா, நாங்களும் ரெண்டாப் பிச்சிக்கணுமா?" என்றார்.

எங்கள் கதை முடிந்தது என்று நினைத்தேன். பார்வையாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு என்னைப் பார்த்து, "உங்களுக்கும் அவருக்கும் சண்டையே இல்லையா?" என்றார்.

"இருந்துச்சுங்க. டீயைத் தவிர வேற பேச மாட்டோம்."

அதற்குத்தான் அவர் வாய்விட்டுச் சிரித்தார். எல்லா ஊரிலும் கிளை இரண்டாகி, சில இடத்தில் ஆபீஸுக்கே இரண்டு பூட்டுப் போட்டிருக்கிறார்கள் என்றும், ஆட்கள் சிதறாமல் இருக்கிற ஊரை இங்கேதான் பார்க்கிறேன் என்றும் சொன்னார். உங்களில் ஒருவர்தான் செயலாளராக இருக்க முடியும், நீங்களே சொல்லுங்கள் என்றார்.

நான் வாய் திறப்பதற்குள் மச்சான், "மாப்ளையே இருக்கட்டும். தினமும் ரயில்ல அத்தினி பேரப் பாக்கறான். நான் பார்த்தா பஜார் வரைக்கும்தான் பாப்பேன்" என்றார். அவர் அப்படிச் சொல்வார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. கண் கலங்கியதை மறைக்க டீ சொல்லப் போகிற மாதிரி மாடிப்படி இறங்கிப் போனேன்.

தலைமை நிலையம் பழைய மாநிலக் குழுவைக் கலைத்தது. சண்டை போட்ட இருவரையும் உள்ளே வைத்து, ஊர்களில் இருந்து சிலரையும் சேர்த்து ஒரு பொறுப்புக் குழு போட்டது. இனிமேல் நகர நிர்வாகிகளைக் கிளையே கூடித் தேர்ந்தெடுக்கும், மாநிலம் ஒப்புக்கொள்ளும் என்று விதியையும் தெளிவாக்கினார்கள். அந்தப் பொறுப்புக் குழுவில் எங்கள் மச்சானின் பெயரும் இருந்தது.

அவர் முதல் கூட்டத்துக்கு என்னோடுதான் ரயிலில் வந்தார், புதுச்சட்டை போட்டுக்கொண்டு. சாயங்காலம் திரும்பும்போது, "எப்படி நடந்துச்சு மச்சான்?" என்று கேட்டேன்.

"ரெண்டு பேரும் மேடையில வந்து குந்தினாங்க. நடுவுல ஒரு நாற்காலி காலியா இருந்துச்சு. யாரும் அங்க போகல."

"அப்புறம்?"

"நான் போய் குந்திக்கினேன்" என்றார்.