டீக்கு முன்னால் மாத்திரை

கும்மிடிப்பூண்டியில் பேக்கிங் வேலை பார்க்கும் அம்மாவுக்குத் தைராய்டு குறைவாகச் சுரக்கிறது என்று பொன்னேரி டாக்டர் மாத்திரை எழுதினார். வீட்டில் படித்தவன் நான்தான். சீட்டைப் பார்த்து, "சாப்பாட்டுக்கு முன்னாடி போட்டுக்கோ" என்றேன்.

மூன்று மாதமாகியும் முகவீக்கம் வடியவில்லை. வேலையில் தூங்கி வழிந்தாள். இன்னொரு முறை தூங்கினால் நிறுத்திவிடுவதாகச் சூப்பர்வைசர் சொல்லிவிட்டார். மறுபடி ரத்தம் கொடுத்துப் பார்த்தோம். தைராய்டு குறைந்தால் ஏறும் டி.எஸ்.எச். அளவு இறங்கவே இல்லை.

"எப்டிம்மா போடுறீங்க?" என்றார் டாக்டர்.

"கம்பெனி பஸ்ஸு வந்துடும் மேடம். டீயோட முழுங்கிக்கினு ஓடுவேன். நாஷ்டா அங்கபோய்தான்."

"டீயோட போட்டா மாத்திரை சரியா சேராதும்மா. வெறும் வயித்துல தண்ணியோட முழுங்கிட்டு, ஒரு மணி நேரம் கழிச்சு டீ குடிங்க."

அம்மா என் பக்கம் திரும்பினாள். "இன்னாடா படிச்ச நீ?"

சீட்டில் வெறும் வயிறு என்றுதான் இருந்தது. டீயை நானும் சாப்பாடாக நினைத்ததில்லை. இப்போது அம்மா கம்பெனி வாசலில் இறங்கித்தான் டீ குடிக்கிறாள். அளவு இறங்கிவிட்டது, வேலையும் இருக்கிறது.