வேலி அடைத்த நாள்

கடல் கடந்து வந்து குடியேறிய பாபடோயிட்டோயில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் புது வேலிக்குப் பலகை அறைகிறார். ஒவ்வொரு அடிக்கும் நான் யன்னலுக்குப் போய்ப் பார்க்கிறேன்.

யாழ்ப்பாணத்தில் வருடாவருடம் தென்னோலைக் கிடுகு மாற்றி வேலி அடைக்கும் நாளில்தான் சண்டை வரும். எங்கள் கிணறு உவர். பக்கத்து வளவுச் செல்லையர் கிணற்றில்தான் குடிதண்ணீர் அள்ளினோம். அப்பா சரித்திர ஆசிரியர். ஐரோப்பிய வல்லரசுகள் ஒன்றுக்கொன்று பயந்து கூட்டாளி சேர்த்ததே பெரும்போர்களுக்கு அடிப்படை, முதல் வெடி வெறும் சாட்டு என்று படிப்பிப்பார்.

அந்த வருடம் செல்லையர் மச்சான்மார் மூவரோடு வந்தார். அப்பா உடனே தன் தம்பிமார் நால்வருக்கு ஆள் அனுப்பினார்.

“அவர் கிடுகு கட்டத்தானே கூட்டி வந்தவர்,” என்றார் அம்மா.

“இருக்கலாம். அதை நம்பி நான் தனிய நிக்கேலுமோ?”

“இதைத்தானே வகுப்பில பிழையெண்டு படிப்பிக்கிறியள்.”

“இஞ்சேரும், அது ஐரோப்பா.”

ஒன்பது பேரும் கத்தியோடு வேலியின் இருபுறமும் நின்றார்கள். வேலிக்கு நட்ட ஒரு கதியால் எங்கள் பக்கம் சாண் அளவு தள்ளி நிற்பதாகச் சித்தப்பா ஒருவர் சொன்னதும் கைகலப்பு. மாலையில், நாங்கள் தண்ணீருக்கு நுழைந்து போகும் வேலி இடைவெளியான பொட்டைச் செல்லையர் முள்ளால் அடைத்தார். அம்மா குடத்தோடு நின்று பார்த்தார்.

இங்கே என் மூத்த மகன் இப்போது சப்பாத்துப் போடுகிறான். “அப்பா, அவர் வேலியை எங்கட பக்கம் தள்ளிப் போடுறார் போல. தம்பியையும் கூட்டிக்கொண்டு போய்க் கதைக்கட்டோ?”

“தம்பியைக் கூட்டிக்கொண்டு போக வேண்டாம்,” என்றேன். “தனியப் போ.”