முந்நூறு சொற்கள்

விடுதியில் அவளை எல்லோரும் ரப்பர் என்றே கூப்பிட்டார்கள். எழுதுவதைவிட அழிப்பது அதிகம் என்பதால் ஒட்டிக்கொண்ட பெயர். அவளும் கோபித்துக்கொண்டதில்லை.

தையல்காரரின் மகள். வீட்டில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள். ஆங்கிலம் நன்றாகவே பேசுவாள். அறைத் தோழிகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பதும் அவள்தான். தாளில் மட்டும் எழுத்துகள் இடம் மாறி உட்கார்ந்துகொள்ளும். ஆங்கிலத் தாளில் இரண்டு முறை தோற்றாள். விடைத்தாள் முழுக்கச் சிவப்பு. மூன்றாம் முறையும் போனால் பட்டம் கிடையாது.

பக்கத்துக் கட்டில்காரிதான் யோசனை சொன்னாள்.

"தெரியாத வார்த்தையோட எதுக்குடி மல்லுக்கட்டுற? தெரிஞ்சதை மட்டும் எழுதிட்டு வா."

ரப்பர் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். கண்ணை மூடிக்கொண்டும் பிழையில்லாமல் எழுத வருகிற சொற்களை ஒரு நோட்டில் சேர்த்தாள். முந்நூறு தேறின. ஆறு மாதம், எதைச் சொல்வதானாலும் அவற்றை வைத்தே சொல்லிப் பழகினாள். தேர்வறையில் அழிக்க வேண்டிய வேலையே வரவில்லை.

ஆனாலும் தோல்விதான்.

மனுப் போட்டு விடைத்தாளைப் பார்க்கப் போனாள். ஒரு சிவப்புக் கோடுகூட இல்லை.

"பிழையே இல்லம்மா," என்றார் பேராசிரியர். "ஆனா பத்து வயசுப் பிள்ளை எழுதின மாதிரி இருக்கு. இதுக்கு எப்படி மார்க் போடுறது?"

"பதில் எனக்குத் தெரியும் சார்."

நின்றபடியே முதல் கேள்விக்கு வாயால் பதில் சொன்னாள். இத்தனை மாதம் அடைத்துவைத்திருந்த பெரிய சொற்களெல்லாம் தடங்கலின்றி வந்தன. அவர் பேனாவை மூடிவைத்துவிட்டுக் கேட்டார்.

"இதையே எழுதியிருக்கலாமே."

"எழுதியிருந்தா போன தடவை மாதிரிதான் சார் ஆகியிருக்கும்."

அவர் தாளை உறைக்குள் போட்டார்.

வெளியே வந்ததும் அப்பாவின் அழைப்பு.

"தாளைப் பார்த்தியாம்மா? எத்தனை தப்பு?"

"ஒண்ணுகூட இல்லப்பா. ஆனா..."

அதற்குள் அவர், அளவு கொடுக்க வந்தவரிடம் சொல்வது கேட்டது. "நம்ம பொண்ணுதாங்க. ஒரு தப்புகூட இல்லையாம்." தையல் இயந்திரம் மறுபடி ஓடத் தொடங்கியது. அந்தச் சத்தத்துக்கு மேல் குரலை உயர்த்த அவளுக்குத் தெம்பில்லை.

மறுவாரம் பெட்டியோடு வீட்டில் வந்து இறங்கிய பிறகுதான், தோற்றுப்போனதைச் சொன்னாள். சட்டையின் பொத்தான் துளைகளுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்த அப்பா, ஊசியைத் துணியிலேயே குத்தி நிறுத்தினார்.

"தப்பே இல்லன்னு சொன்னியேம்மா," என்றார்.