கற்பூரமும் அமோனியாவும்

எனக்குக் கோபம் மூக்கின் நுனியில் இருக்கும். நான் எழுதிய மென்பொருளுக்கும் அதே குணம்தான் என்று அலுவலகத்தில் கேலி செய்வார்கள். மானிப்பாயில் ஒரு புடவைக்கடையின் மேல்மாடிதான் எங்கள் அலுவலகம். தொழிற்சாலை இயந்திரங்கள் ஒன்றோடொன்று தகவல் பரிமாறிக்கொள்ளும் செயலிகளைச் செய்து கொடுக்கிறோம். எந்த மானியை எங்கிருந்து வாசிப்பது, எந்த அளவைத் தாண்டினால் சைரன் ஊதுவது என்பதெல்லாம் ஓர் அமைப்புக் கோப்பில் எழுதப்பட்டிருக்கும். அதை வாசித்து, சரிபார்த்து, செயலியிடம் ஒப்படைக்கிற பகுதியை நாங்கள் லைப்ரரி என்போம்.

முன்பு இணையத்தில் இலவசமாகக் கிடைத்த ஒன்றைப் பாவித்தோம். சரியான சமர்த்துப் பிள்ளை அது. கோப்பில் ஓர் எண் இல்லாவிட்டால் மூச்சுக் காட்டாமல் பூச்சியத்தைப் போட்டுக்கொண்டு போய்விடும். சைரனுக்குப் பூச்சியம் என்றால் ஊதவே வேண்டாம் என்று அர்த்தம். இதைக் கண்டுபிடித்த அன்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உட்கார்ந்து நானே ஒன்றை எழுதினேன். முக்கியமான எண் ஒன்று குறைந்தாலும் என்னுடையது செயலியைத் தொடங்க விடாது.

அதை முதன்முதலாகப் பூட்டியது வடமராட்சிக் கரையில் ஓர் ஐஸ் தொழிற்சாலையில். வெள்ளிக்கிழமை காலை, பத்தரைக்கு ராகு காலம் பிறப்பதற்கு முன் இயந்திரத்தைத் தொடங்கிவிட வேண்டும் என்று முதலாளி நேரம் பார்த்திருந்தார். ஐயர் கற்பூரத்தைக் கொளுத்தினார். முதலாளி கையில் தேங்காயோடு நின்றார். ஐஸை உறைய வைக்கும் அமோனியா வாயுவை அழுத்துகிற கொம்பிரசரின் அறை வாசலில் அதை இயக்கும் அண்ணை கையுறை போட்டுக்கொண்டு தயாராக நின்றார். முன்பு வேலை செய்த இடத்தில் அமோனியா கசிந்து அவருடைய தொண்டை வெந்துபோயிருந்தது. அன்றிலிருந்து அவர் குரல் கரகரப்புத்தான்.

நான் பொத்தானை அழுத்தினேன். செயலி தொடங்கவில்லை. திரையில் ஒரே வரி: அமோனியா எச்சரிக்கை அளவு காணவில்லை.

முந்திய நாள் பின்னேரம் என் கையால் போட்ட எண் அது.

"என்ன பிள்ளை, நேரம் போகுது," என்றார் முதலாளி.

எங்கள் நிறுவனத்தை நடத்துபவர் என் காதருகே குனிந்தார். "அந்தச் செக்கை நிப்பாட்டிப்போட்டு ஓட விடும். பிறகு பாப்பம்."

"சேர், இந்த நம்பரை ஆர் எடுத்தது?"

"நான்தான் எடுத்தனான். நேற்று டெஸ்ட் செய்யேக்கை சைரன் அழுத அழுகையிலை முதலாளியின்ரை வீட்டுக்காரி பயந்திட்டாவாம். நல்ல காரியத்திலை அப்பிடி அழக்கூடாதெண்டு முதலாளி கேட்டவர். பூசை முடியத் திருப்பிப் போடுவம்."

சரிபார்ப்பை நிறுத்த ஒரு வரியை மாற்றினால் போதும். என் விரல் அந்த வரிக்கு மேலேதான் இருந்தது. பூசை முடியும் வரைதானே என்று ஒரு கணம் எனக்கும் தோன்றியது. ஆனால் இயந்திரம் தொடங்கும் அந்த நேரத்தில்தான் புதுக் குழாய்கள் முதன்முதலாக அழுத்தம் வாங்கும். கசிவதென்றால் அப்போதுதான் கசியும். அறைக்குள் நிற்கப்போவது சேருமில்லை, முதலாளியுமில்லை.

"அண்ணை," என்று கத்தினேன். "உள்ளுக்குப் போகாதேங்கோ! கசிஞ்சாலும் இப்ப சைரன் ஊதாது."

சேரின் முகம் கறுத்தது. வேலை போனால் போகட்டும் என்று சொல்லுமளவுக்கு நான் துணிச்சல்காரி இல்லை. அண்ணை முதலாளியைப் பார்த்தார், பிறகு ஒவ்வொரு கையுறையாகக் கழற்றினார்.

"அப்ப நான் போகேலாது."

"என்னடாப்பா, நீயுமோ?" முதலாளியின் குரல் உயர்ந்தது. "பூசை முடியப் போடுவினம்தானே!"

"முந்தி நிண்ட இடத்திலையும் 'பிறகு பாப்பம்' எண்டுதான் சொன்னவை," என்றார் அண்ணை. கரகரத்த குரல்தான், ஆனால் எல்லோருக்கும் கேட்டது.

ஐயர் மணிக்கூட்டைப் பார்த்துத் தொண்டையைச் செருமினார். கற்பூரம் எரிந்து அணைந்தது. முதலாளி அண்ணையின் கழுத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"பிள்ளை, அந்த நம்பரைப் போடு," என்றார் கடைசியில். "போட்டிட்டு முதல்லை சைரனை அழப் பண்ணிக் காட்டு. எனக்குக் கேக்கவேணும்."

"ராகு காலம் பிறந்திட்டுது," என்றார் ஐயர்.

"பிறக்கட்டும்."

எண்ணைப் போட்டேன். இந்த முறை லைப்ரரி மறுபேச்சில்லாமல் கோப்பை ஏற்றுக்கொண்டது. சேர், சோதனைக்கென்று கொண்டுவந்திருந்த அமோனியாப் போத்தலைத் திறந்து, துணியொன்றை நனைத்து என்னிடம் நீட்டினார். கதவு நிலையில் பூட்டியிருந்த, வாயுக் கசிவை மோப்பம் பிடிக்கும் உணரியருகே அதைப் பிடித்தேன். சைரன் வீரிட்டது. ஐயர் காதைப் பொத்தினார். பக்கத்து வளவில் நாய்கள் குரைத்தன. முதலாளி தேங்காயை இரண்டு கையாலும் உயர்த்தி, அந்த அலறலுக்கு நடுவிலேயே ஓங்கி உடைத்தார்.

நான் துணியை எடுத்த பிறகும் சற்று நேரம் அழுதுவிட்டுத்தான் அது ஓய்ந்தது. என் கண்ணிலும் நீர் வழிந்துகொண்டிருந்தது. அமோனியா என்று எல்லோரிடமும் சொன்னேன். அண்ணை மீண்டும் கையுறைகளைப் போட்டுக்கொண்டார். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. கதவுக்கு மேலே இருந்த சைரனை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு உள்ளே போனார்.